பதற்றப்பட முன் அனுமதி

எடையளவுத் துறையில் கைபேசி ஒழிக்கப்பட்டது ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வரை, துறையின் நானூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களும் மற்ற மனிதர்களைப் போலவே ஆளுக்கொரு கைபேசி வைத்துக்கொண்டு, மணி அடித்தால் எடுத்து, எடுத்தால் பேசி, பேசி முடித்தால் வைத்துவிட்டு, பெரிய குறையொன்றும் இல்லாமல்தான் இருந்தார்கள். அதில் ஒரு குறை இருப்பதைக் கண்டுபிடித்தவர் இயக்குநர்.

அவர் நான்கு நாள் மாநாடு ஒன்றுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது இடது மணிக்கட்டில் கறுப்பாக, சதுரமாக, ஒரு ஸ்மார்ட் வாட்ச் இருந்தது. மாநாட்டில் யாரோ மேடையேறி, கைபேசியின் காலம் முடிந்துவிட்டது, இனி எல்லாமே மணிக்கட்டில்தான் என்று பேசியிருக்கிறார். இயக்குநர் அதைத் தன் கைபேசியில் குறித்துக்கொண்டு வந்திருந்தார்.

ஊழியர்கள் எல்லோருக்கும் வாட்ச் வழங்கப்பட்டது. அலுவலகக் கைபேசிகள் சாக்கில் போட்டுக் கட்டப்பட்டன. சொந்தக் கைபேசியைக் காலையில் வாசலில் கொடுத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை அதற்கு வரும் அழைப்புகள் வாட்சுக்குத் திருப்பிவிடப்படும். பிறகு இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, இத்தனை வருஷமா கைபேசி நம்மளைக் குனிய வச்சுது. இனிமே நம்ம துறையில யாரும் தலைகுனியத் தேவையில்லை. கையைத் தூக்கினாப் போதும்! அழைப்பு, அறிக்கை, வருகைப் பதிவு எல்லாம் மணிக்கட்டுல. உங்க நாடி இனிமே துறையோட நாடி. நான் உங்களைக் கண்காணிக்கப் போறதில்லை. அக்கறை காட்டப் போறேன். இருபத்துநாலு மணி நேரமும்."

எல்லோரும் கைதட்டினார்கள். வாட்ச் அதை உடற்பயிற்சி என்று எடுத்துக்கொண்டு, கொஞ்சம் பலமாகத் தட்டிய பன்னிரண்டு பேருக்கு வாழ்த்துச் சொன்னது.

மூன்றாவது வரிசையில் ஓர் ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடங்களாகக் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்துவருபவர். தராசு சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். தவறாக இருந்தால் அங்கேயே பறிமுதல் செய்து, கம்பி கட்டி, ஈயமுத்திரை வைத்து, ரசீது கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார். அழுதாலும் சிரித்தாலும் பழச்சாறு கொடுத்தாலும் முகம் மாறாது. சந்தையில் அவருக்கு முத்திரையம்மா என்று பெயர். சோதனை எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே வரும் உதவியாளருக்கு இருபது கிலோ என்று பெயர். அவர் தூக்கும் பெட்டியின் எடை அது. அவருடைய சொந்த எடை அதைவிட மிக அதிகம் என்று தோன்றாது.

முதல் நாளே சிக்கல் வந்தது. ஒரு காய்கறிக் கடையில் தராசு கிலோவுக்கு எழுபது கிராம் குறைத்துக் கொடுத்தது. வழக்கமாகக் கைபேசியில் படிவத்தை நிரப்பி அனுப்புவார். இப்போது படிவம் தபால்தலை அளவுக்கு இருந்தது. அதில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. விரலை வைத்தால் விரலுக்கு அடியில் ஒன்பது எழுத்துகள் நசுங்கின. வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். முத்திரையம்மா நடுச்சந்தையில் மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய், "தராசில் எடை குறைகிறது" என்று சொன்னார். கேட்கவில்லை. உரக்கச் சொன்னார். கடைக்காரர், "யாருகிட்டம்மா பேசறீங்க?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

மறுநாள் குறிப்பாணை வந்தது. "அரசில் நடை குறைகிறது என்று தாங்கள் அறிக்கையில் பதிவிட்டதன் உள்நோக்கம் என்ன?"

பதிலையும் வாட்ச் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அதில் ஐந்து பதில்கள் தயாராக இருந்தன. சரி. வாழ்த்துகள். வந்துகொண்டிருக்கிறேன். இப்போது முடியாது. நன்றி, பிறகு பேசுகிறேன். முத்திரையம்மா கால் மணி நேரம் யோசித்து, இருப்பதிலேயே கெடுதல் குறைந்தது என்று நினைத்து, "வந்துகொண்டிருக்கிறேன்" என்பதைத் தொட்டார். கோப்பில் அது "ஆய்வாளர் உள்நோக்கத்துடன் வந்துகொண்டிருப்பதாக ஒப்புக்கொண்டுள்ளார்" என்று ஏறியது.

துறையின் மின்மயப் பிரிவில் ஓர் அதிகாரி இருந்தார். என்ன புகார் சொன்னாலும் "அப்டேட் பண்ணிட்டா சரியாயிடும்" என்பார். அவருக்கு அப்டேட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. முத்திரையம்மா அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க தெளிவாப் பேசணும் மேடம். தராசுங்கற வார்த்தை அதுக்குத் தெரியாது."

"இது எடையளவுத் துறைங்க."

"ஆமா. அப்டேட்ல வரும்."

அடுத்த வாரத்திலிருந்து, ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் முன்னதாக எல்லா வாட்சும் ஒன்றாக அதிர்ந்தன. "எழுந்து நில்லுங்கள்!" நானூற்றுப் பன்னிரண்டு பேரும் செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். நிற்காதவர் பெயர் பட்டியலில் ஏறும், விடுப்பும் கழியும். தராசு முத்திரைக்காக வரிசையில் உட்கார்ந்திருந்த கடைக்காரர்கள், துறையில் யாரோ தவறிவிட்டார் என்று நினைத்துத் தாங்களும் எழுந்து தலை கவிழ்ந்து நின்றார்கள். ஒரு நாளில் ஐந்தாவது முறை நின்ற மளிகைக்காரர் ஒருவர், "ஒரே நாள்ல எத்தனை பேருப்பா?" என்று இருபது கிலோவிடம் மெல்லக் கேட்டார்.

பிறகு சார்ஜ் பிரச்சினை. காலையில் நூறு சதவீதத்தோடு வந்த வாட்ச் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் செத்துவிடும். சார்ஜ் போட வேண்டுமானால் கழற்ற வேண்டும். கழற்றினால் ஊழியர் பணியில் இல்லை என்று பதிவாகும். இதற்கு இயக்குநர் ஒரு வழி கண்டார். சார்ஜ் விடுப்பு. வாட்ச் சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் ஊழியரின் சொந்த விடுப்பில் கழிக்கப்படும். அந்த நேரத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்தாலும் சரி. முத்திரையம்மா ஒரு மாதத்தில் இரண்டே முக்கால் நாள் சார்ஜ் விடுப்பில் இருந்தார். அந்த இரண்டே முக்கால் நாளில் முப்பத்தொன்பது தராசுகளுக்கு முத்திரை குத்தினார்.

இதெல்லாம் சிரித்துக் கடக்கக் கூடியவைதான். அவரும் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எழுபத்துநாலு வயது. வீட்டில் இருப்பது அவர்கள் இருவர்தான். அவரிடம் பட்டன் வைத்த பழைய போன் ஒன்று இருந்தது. இரண்டாம் பட்டனை அழுத்திப் பிடித்தால் மகளுக்குப் போகும். மற்ற பட்டன்கள் எதற்கென்று அவர் கேட்டுக்கொண்டதில்லை.

மூன்றாவது மாதம் 'ஆழ்ந்த கவனக் காலம்' வந்தது. தினமும் பதினொன்று முதல் ஒன்று வரை சொந்த அழைப்பு எதுவும் ஊழியரைத் தொந்தரவு செய்யாது. வாட்ச் அதிராது, ஒலிக்காது, காட்டவும் காட்டாது. தானே ஒரு பெண் குரலில் பதில் சொல்லிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்று ஐந்துக்கு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார்.

விழுந்ததில் மூக்குக்கண்ணாடி எங்கோ தெறித்தது. எழ முடியவில்லை. சட்டைப்பையில் போன் இருந்தது. தடவித் தடவி இரண்டாம் பட்டனை அழுத்தினார். ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு முறை அழுத்தினார். கடைசியில் குளியல் குவளையால் வாளியைத் தட்ட ஆரம்பித்தார். கீழ் வீட்டுத் தையற்காரப் பெண் தையல் இயந்திரத்தை நிறுத்தி நூல் மாற்றிய நேரத்தில் அந்தச் சத்தம் காதில் விழுந்து, மேலே ஓடிவந்து, ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

ஒரு மணிக்குக் கவனக் காலம் முடிந்தது. முத்திரையம்மாவின் மணிக்கட்டு அதிர்ந்தது. "உங்களுக்கு 11 தவறிய தருணங்கள்." பக்கத்தில் ஒரு பூங்கொத்துப் படம்.

அவர் திருப்பிக் கூப்பிட்டபோது தையற்காரப் பெண் எடுத்தாள். அவள் சொன்னதைப் பாதி கேட்டதுமே முத்திரையம்மா ஓட ஆரம்பித்தார். மூன்று தெரு தள்ளித்தான் ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு வாசலில் மூச்சிரைக்க நின்றபோது வாட்ச் மறுபடி அதிர்ந்தது. "அருமை! இன்றைய ஓட்ட இலக்கை எட்டிவிட்டீர்கள்!" திரையில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் வெடித்தன.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், ஆறு வாரம் பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார்கள். அப்பா கட்டிலில் மிகச் சிறியவராகத் தெரிந்தார். மகளைப் பார்த்ததும் சிரித்தார்.

"உன் ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்காளேம்மா. ரொம்ப மரியாதை. ஒவ்வொரு தடவையும் நன்றி, பிறகு பேசுகிறேன், நன்றி, பிறகு பேசுகிறேன்னு சொன்னா. பதினோரு தடவை நன்றி. நான் அவளுக்கு என்ன செஞ்சேன்னே தெரியலை."

"அப்பா..."

"அழாத. உனக்கு அங்க வேலை இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா ஈரத்துல படுத்திருந்தது மட்டும் கொஞ்சம் குளிரா இருந்துச்சு."

முத்திரையம்மா அழவில்லை. அவர் உள்ளே வேறு என்னவோ நடந்தது. அதற்கு அப்போது அவருக்கே பெயர் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து அலுவலகம் போனபோது மேசையில் ஒரு குறிப்பாணை காத்திருந்தது. "கடந்த செவ்வாயன்று பிற்பகல் 1.06 முதல் 3.40 வரை தங்கள் நாடித்துடிப்பு சராசரியாக 134 ஆக இருந்துள்ளது. பணி நேரத்தில் முன் அனுமதியின்றிப் பதற்றமடைந்ததற்கு விளக்கம் தேவை."

அதை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் அன்பாக உட்காரச் சொன்னார்.

"அப்பா எப்படிம்மா இருக்காரு? கேள்விப்பட்டேன். வருத்தமா இருந்துச்சு. பாருங்கம்மா, பதற்றப்படாதீங்கன்னு துறை சொல்லவே இல்லை. தாராளமாப் பதற்றப்படுங்க. ஆனா அதுக்கு ஒரு படிவம் இருக்கு. மூணு நாள் முன்னாடி கொடுத்துட்டுப் பதற்றப்படணும்."

"எங்கப்பா விழப்போறார்னு மூணு நாள் முன்னாடி எனக்கு எப்படிங்க ஐயா தெரியும்?"

"அதைத்தான் திட்டமிடல்னு சொல்றோம்."

"பதினோரு தடவை கூப்பிட்டிருக்கார் ஐயா. ஒண்ணரை மணி நேரம் தரையில கிடந்திருக்கார்."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "நானும் பார்த்தேன்! பதினோரு தடவையும் பதில் போயிருக்கு. ஒண்ணுகூட விடுபடலை. கைபேசியா இருந்தா அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சிருக்கும். இது நூத்துக்கு நூறும்மா. இந்த மாச அறிக்கையில இதை முதல் பக்கத்துல போடச் சொல்லியிருக்கேன். உங்க பேர் போடாமத்தான்."

முத்திரையம்மா குறிப்பாணையை மேசையில் வைத்தார். அந்தக் கையிலிருந்த வாட்ச் அதிர்ந்தது. நாடி நூற்றுப் பத்தொன்பது.

"பாருங்க, மறுபடியும்," என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். "நீங்க இவ்வளவு பேசினதுக்கு அப்புறமும் எனக்கு அறுபத்தொண்ணு. எப்பவுமே அறுபத்தொண்ணுதான். நான் பிறக்கும்போதே இப்படி இல்லைம்மா. பழகிக்கிட்டேன். அடுத்தவங்க கஷ்டம் என்னைப் பாதிக்கறதே இல்லை. நீங்களும் பழகிக்கலாம்."

தண்டனை என்று எதுவும் இல்லை, அக்கறை மட்டும்தான் என்றார். அந்த அக்கறை பதினான்கு நாள் அமைதிப் பயிற்சியாக வந்தது. பயிற்சி நாட்கள் அவருடைய விடுப்பில் கழிக்கப்பட்டன. அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக ஒதுக்கி வைத்திருந்த விடுப்பு அது. பகலில் அப்பாவுக்குப் பக்கத்தில் தையற்காரப் பெண் தன் துணி மூட்டையோடு வந்து உட்கார்ந்துகொண்டாள். மகள் நான்காவது மாடியில் ஒரு பாயில் கண்ணை மூடி உட்கார்ந்து, நாடி எழுபதுக்குக் கீழே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வராதவர் மாலை ஆறு வரை இருக்க வேண்டும். அவருக்கு ஒரு நாளும் வரவில்லை.

ஆறாம் நாள் கை கழுவப் போனார். வாட்சை நனைக்கக் கூடாது. கழற்றினாலோ பணியில் இல்லை. பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த கைத்துண்டு ஒன்று இருந்தது. என்ன தோன்றியதோ, வாட்சை அதில் கட்டிவிட்டுக் கையைக் கழுவினார். திரும்பிப் பார்த்தபோது திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. துண்டின் நாடி எழுபத்திரண்டு. "நீங்கள் அமைதியாக இருக்கிறீர்கள். தொடருங்கள்!"

முத்திரையம்மா அந்த எண்ணை இன்னொரு முறை படித்தார். பத்தொன்பது வருடங்களாக, ஐந்து கிராம் பொய் சொன்ன தராசைக்கூட விட்டுவைக்காத பெண் அவர்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது கிலோவைக் கூப்பிட்டுக் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்தினார். முறைப்படி சோதனை நடந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று முறை. இருபது கிலோ பதிவேட்டில் எழுதினார். கைத்துண்டு எழுபத்திரண்டு. அவருடைய சாப்பாட்டுப் பையிலிருந்த வெள்ளரிக்காய் எண்பத்தொன்று. துடைப்பக் கட்டை தொண்ணூறு.

"துடைப்பத்துக்குப் பதற்றம் இருக்கும்மா," என்றார் இருபது கிலோ. "முன் அனுமதி வாங்கியிருக்குமா?"

"எழுதுங்க," என்றார் முத்திரையம்மா. அவர் சிரிக்கவில்லை. பிறகு துறையின் சட்டப் புத்தகத்தை எடுத்து, தனக்கு மனப்பாடமான பதினேழாம் பிரிவை, ஒரு முறை கண்ணாலும் பார்த்துக்கொண்டார். 'ஒருவருக்குச் சேரவேண்டியதை நிர்ணயிக்கப் பயன்படும் எந்த அளவுக்கருவியும் சோதித்து முத்திரையிடப்படாமல் பயன்படுத்தப்படக் கூடாது. அவ்வாறு பயன்படுத்துபவர் எவராயினும், ஆய்வாளர் அக்கருவியை உடனே பறிமுதல் செய்யலாம். அக்கருவியால் நிர்ணயிக்கப்பட்டவை செல்லாது.'

எவராயினும் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

உடனே எதுவும் செய்யவில்லை. மிச்சம் எட்டு நாளும் பாயில் உட்கார்ந்து பயிற்சியை முடித்தார். விசித்திரம் என்னவென்றால், அந்த எட்டு நாளும் அவர் நாடி எழுபதுக்குக் கீழேயே இருந்தது. பயிற்சியாளர் அவரைப் பாராட்டி, எல்லோருக்கும் முன்மாதிரியாகக் காட்டினார்.

அந்த மாதக் கடைசியில் விழா. கைபேசியற்ற முதல் துறை என்ற பெருமையைக் கொண்டாட அமைச்சகச் செயலர் வந்திருந்தார். மேடையில் பெரிய வாட்ச் படம். ஆண்டின் அமைதி நாயகர் விருது, துறையிலேயே மிகக் குறைந்த நாடித்துடிப்பு உள்ள ஊழியருக்கு. தேர்வுக் குழுத் தலைவர் இயக்குநர். விருது பெறுபவரும் அவரே. மூன்று மாதமாக ஒரு நொடிகூட மாறாத அறுபத்தொன்று.

இயக்குநர் ஏற்புரை நிகழ்த்தினார். முடிவில், ஊழியர்கள் கேள்வி கேட்கலாம் என்றார். கேட்பதற்காக யாரும் அதுவரை எழுந்ததில்லை. முத்திரையம்மா எழுந்தார்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம். இது வெறும் கடிகாரமா, அளவுக்கருவியா?"

இயக்குநர் பூரித்துப்போனார். "அற்புதமான கேள்வி! இதைக் கடிகாரம்னு யாராவது சொன்னா எனக்குக் கோபமே வரும். கோபம் வந்தாலும் அறுபத்தொண்ணுதான், அது வேற. இது அளவுக்கருவிம்மா! நாடி, நடை, நிற்கறது, உட்கார்றது எல்லாத்தையும் அளக்குது."

"இது அளந்ததை வச்சுத்தான் எங்க விடுப்பைக் கழிக்கறீங்களா?"

"சந்தேகமில்லாம! விடுப்பு, பதவி உயர்வு, இந்த விருது வரைக்கும் எல்லாம் இதை வச்சுத்தான். மனுஷன் பொய் சொல்லலாம். கருவி சொல்லாது."

"பதிவு பண்ணிட்டீங்களா?" என்று முத்திரையம்மா நிகழ்ச்சிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த எழுத்தரைக் கேட்டார். எழுத்தர் தலையாட்டினார்.

முத்திரையம்மா மேடைக்கு நடந்தார். பின்னால் இருபது கிலோ பெட்டியோடு வந்தார். பெட்டியில் எடைக்கற்களுக்குப் பதிலாகத் துணிப்பைகள், கம்பி, ஈயவில்லைகள், குறடு, ரசீதுப் புத்தகம்.

"பதினேழாம் பிரிவுங்க ஐயா. முத்திரை இல்லாத அளவுக்கருவி. கழட்டிக் கொடுங்க."

இயக்குநர் சிரித்துப் பார்த்தார். "என்னம்மா இது, நம்ம துறையிலயே..."

"நம்ம துறைதாங்க ஐயா இந்தச் சட்டத்தை எழுதுச்சு."

இயக்குநர் செயலரைப் பார்த்தார். செயலர் தன் வாட்ச் இருந்த கையை மெல்லக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "சட்டப்படி எது உண்டோ அது நடக்கட்டும்," என்றார். பல ஆண்டுகள் பதவியில் இருந்தவர் அவர்.

முத்திரையம்மா இயக்குநரின் வாட்சைக் கழற்றி வாங்கிப் பையில் போட்டு, கம்பி சுற்றி, ஈயவில்லையைக் குறடால் நசுக்கினார். ரசீதை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். இயக்குநர் குனிந்து கையெழுத்துப் போட்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய கோட்டின் உள்பையிலிருந்து ஒரு பாட்டு கேட்டது. முதலில் மெல்ல, பிறகு பலமாக. கைபேசி. கைபேசியற்ற முதல் துறையின் முதல் ஊழியர் அதை உள்ளேயே வைத்து அமுக்கினார். அது நிற்கவில்லை.

"எடுங்க ஐயா," என்றார் முத்திரையம்மா. "வீட்டுல யாராவது விழுந்திருக்கப் போறாங்க."

அவர் குரலில் கேலி இல்லை. அதனால்தானோ என்னவோ இயக்குநரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஊழியர்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். அமைதிப் பயிற்சியாளர் முதல் ஆளாக நின்றார். நானூற்றுப் பதினோரு வாட்ச்சுகளையும் தனித்தனிப் பையில் போட்டு, தனித்தனி முத்திரை வைத்து, தனித்தனி ரசீது கொடுத்து முடிக்க மாலை நான்கரை ஆனது. அதுவரை செயலரும் இயக்குநரும் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அரங்கத்தை விட்டுப் போக வேண்டுமானால் அந்த வரிசையைக் கடந்துதான் போக வேண்டும்.

மறுநாள் முதல் விடுப்புகள் திரும்பி வந்தன. சார்ஜ் விடுப்பு, நிற்காத விடுப்பு, பதற்ற விடுப்பு எல்லாம் சேர்த்து மூன்றாயிரத்துச் சொச்சம் நாள். வாசலில் கைபேசிகளை வாங்கி வைக்கும் மேசையைத் தூக்கிப் பின்கட்டில் போட்டார்கள். முத்திரையம்மா ஆறு வாரம் விடுப்பெடுத்து அப்பாவோடு இருந்தார். அதை மறுக்க யாருக்கும் கை வரவில்லை.

ஆறு வாரம் முடிந்து வந்ததும் முதல் வேலையாக இயக்குநருக்கு ஓர் அறிவிப்பு அனுப்பினார். பறிமுதல் செய்த கருவியைப் பயன்படுத்தியவர் முன்னிலையில்தான் சோதிக்க வேண்டும். வெறுமை, அரைப் பாரம், முழுப் பாரம் என்று தராசுக்கு மூன்று நிலை. நாடி அளக்கும் கருவிக்கு அதற்கு ஒப்பான மூன்று நிலை: உட்கார்ந்து, இரண்டு மாடி ஏறி, நான்கு மாடி ஏறி.

இயக்குநர் வந்தார். அந்தக் கட்டடத்தில் பதினோரு வருடமாக இருப்பவர் என்றாலும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. இருபது கிலோ வழிகாட்டினார். முத்திரையம்மா ஒவ்வொரு நிலையிலும் அவர் வலது மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். இடது மணிக்கட்டில் வாட்ச். உட்கார்ந்தபோது விரலில் தொண்ணூற்றாறு, வாட்ச்சில் அறுபத்தொன்று. இரண்டு மாடியில் விரலில் நூற்று இருபத்தெட்டு, வாட்ச்சில் அறுபத்தொன்று. நான்காவது மாடியில் இயக்குநர் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். விரலில் நூற்று ஐம்பது. வாட்ச்சில் அறுபத்தொன்று. "நீங்கள் அமைதியாக இருக்கிறீர்கள். தொடருங்கள்!"

அப்டேட்டைக் கூப்பிட்டார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "சார் நாடி எப்பவும் தொண்ணூறுக்கு மேலதாங்க இருந்துச்சு. விருது அவருக்குத்தான் வரணும்னு சொன்னாரு. அதான் அறுபத்தொண்ணுன்னு நிரந்தரமா அப்டேட் பண்ணிட்டேன்."

"நான் உன்னைச் சொல்லச் சொன்னேனா?" என்று இயக்குநர் கத்தினார். கத்த மூச்சு போதவில்லை.

முத்திரையம்மா நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு பதிவேட்டில் எழுதினார். கருவி: பொய். பயன்படுத்தியவர்: அறிந்தே. ஒரு பிரதி செயலருக்கு. இயக்குநர் தண்ணீரைக் குடித்துவிட்டு, தணிந்த குரலில் பேசினார்.

"அம்மா, பத்தொன்பது வருஷமா நல்ல பேர் எடுத்திருக்கீங்க. கொஞ்சம் பார்த்து எழுதக் கூடாதா? எனக்கு ஓய்வு பெற இன்னும் ரெண்டே வருஷம்."

"பார்த்துத்தாங்க ஐயா எழுதறேன்," என்றார் முத்திரையம்மா. "மூணு தடவை பார்த்துட்டேன்."

அன்று சாயங்காலம் அப்பா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடை பழகிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். அப்பா ஒவ்வொரு மாடியாகக் கேட்டார்.

"நாலாவது மாடியில மூச்சு வாங்கிச்சா?"

"பேசவே முடியலைப்பா."

"தண்ணி குடுத்தியா?"

"குடுத்தேன்."

அப்பா கட்டிலில் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "பாவம்மா, அந்த ஆளு."

"பாவந்தான். நாளைக்கும் மறுநாளும் வரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு? அதான் பொய்னு தெரிஞ்சுபோச்சே. சட்டத்துல எத்தனை நாள் இருக்கு?"

"ஒரு நாள் போதும்னுதான் இருக்கு. தேவைப்பட்டா மூணு நாள் வரைக்கும்."

"தேவைப்படுதா?"

மகள் அவர் காலைத் தூக்கி மெல்லக் கட்டிலில் வைத்துப் போர்வையை இழுத்துவிட்டார்.

"ரொம்பத் தேவைப்படுதுப்பா."